ஏரிக்கரையில் யாரும் இல்லை

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற சாலையில், ஏரிக்கரை ஓரமாகப் பதினான்கு தார்ப்பாய்க் குடிசைகள் இருந்தன. இருந்தன என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆக்கிரமிப்பு அகற்றுகிற ஜீப் வராதபோது இருந்தன. வந்தால் இருக்காது.

அவ்வளவு வேகமாக மடிப்பார்கள். மூங்கிலை உருவ ஒரு ஆள், தார்ப்பாயைச் சுருட்ட ஒரு ஆள், பானை சட்டிக்கு ஒரு ஆள், அடுப்புக் கல்லைப் புதருக்குள் உருட்டிவிட ஒரு பிள்ளை. ஜீப் வளைவு திரும்பி வருவதற்குள் அங்கே வெறும் கரைதான் இருக்கும். ஒருமுறை, அங்கே இருந்த பாஞ்சாலி என்பவளின் குடிசைக் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கைக்குக் கூரை போன விஷயமே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு கீழே பார்த்து, தன் தவறை உணர்ந்து, பறந்து போயிற்று. நம்பாதவர்கள் காக்கையைக் கேட்டுக்கொள்ளலாம்.

மடிக்கச் சொல்லிக் குரல் கொடுக்கிற வேலை சின்னப்பையனுடையது. பெயர்தான் சின்னப்பையன். வயது ஐம்பதை நெருங்குகிறது. தலையில் இருப்பது நரையா சிமெண்டா என்று அவன் பெண்டாட்டி சந்திரம்மாளுக்கே நிச்சயமில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் செய்யாறு பக்கத்திலிருந்து கான்கிரீட் வேலைக்கு வந்தவர்கள். இந்தச் சாலையில் உள்ள கம்பெனிகளில் பாதிக்கு அஸ்திவாரம் போட்டபோது சட்டி தூக்கியிருக்கிறார்கள். சாரத்திலிருந்து விழுந்து அவனுக்கு இடுப்பு பிசகிய பிறகு, அவள் மட்டும் வேலைக்குப் போனாள். அவன் மதகின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தான். அகற்றுகிற ஜீப்பின் மூக்கு தெரிந்தால், "வல்லக்கோட்டை முருகனுக்கு அரோகரா" என்று கத்துவான். ஜீப்பில் வருகிறவர்கள் அவனைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. ஆடிக் கிருத்திகையன்றுதான் தொல்லை. நிஜ பக்தர்கள் காவடியோடு அரோகரா போட்டுக்கொண்டு போனதில், குடிசைகள் அன்று மடிந்து விரிந்து மடிந்து, சாயங்காலத்துக்குமேல் தார்ப்பாய்கள் யாரும் தொடாமலே தாமாகச் சுருண்டுகொண்டன.

வாடகைக்கு ஒரு அறை பார்த்துக்கொண்டு போவதுதானே என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தார்கள். சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டார்: "பேமிலிக்கெல்லாம் வுடறதில்லப்பா. கம்பெனி பசங்களுக்கு வுட்டா ஒரு ரூமுக்குப் பத்து பேர் படுக்கிறான். தலைக்கு இவ்ளோன்னு வருது. நீ மூணு தலைய வெச்சிக்கினு வந்து நிக்கிற." அந்த ஊரில் மாட்டுக் கொட்டகைகள் எல்லாம் டைல்ஸ் போட்டுக்கொண்டு ஹாஸ்டல் ஆகிவிட்ட காலம். இன்னொருவர் மாடிப்படியையே வாடகைக்கு விட்டிருந்தார், படிக்கு ஒரு ஆள். மேல் படிகளுக்குக் காற்று வருமென்று வாடகை கொஞ்சம் கூடுதல்.

ஆக, ஏரிக்கரைதான். அங்கே கொசுக்கள்கூட மூன்று ஷிப்ட்டில் வேலை செய்தன. சி ஷிப்ட் கொசுக்கள் சில, ஓ.டி.யும் பார்த்தன.

அந்த வீட்டுக்காரர் எண்ணிய மூன்று தலைகளில் மூன்றாவது சசிரேகா. பத்து வயது. சின்னப்பையனுக்கும் சந்திரம்மாளுக்கும் வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். போன வருஷம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தண்ணீர் பாய்க்கு அடியில் வந்தபோது அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் குழந்தைகள் நலனுக்கென்று இரண்டு அம்மாக்கள், ஒரு போலீஸோடு ஜீப்பில் வந்தார்கள். சின்னப்பையன் வழக்கம்போல அரோகரா போட்டான். எல்லாரும் மடித்துக்கொண்டு வேலிக்காத்தான் புதருக்குள் போய்ப் பதுங்கினார்கள். அந்த அம்மாக்களில் ஒருத்தி மழையில் நனைந்துகொண்டே புதரைப் பார்த்துப் பேசினாள்.

"சந்திரம்மா, பயப்படாதம்மா. கொழந்தைக்கு நல்லதுக்குத்தான் வந்திருக்கோம். வெளிய வா."

பெயர் சொல்லி அவ்வளவு இதமாக யாரும் சந்திரம்மாளைக் கூப்பிட்டதில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், காய்ச்சல் இறங்கியது, பிள்ளை பிழைத்தாள். பிறகு காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கேட்கப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கோபப்படாமல் சொன்னாள்: "ஒரு கூரை, ஒரு கதவு, ஒரு கக்கூஸ். இது மூணும் இருக்கிற எடத்தைக் காட்டுங்க. அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. ரோட்டோரத்துக்குப் பொம்பளப் புள்ளைய நான் எப்படிம்மா அனுப்புறது?"

திரும்பி வரும்போது சந்திரம்மாள் அந்த மூன்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எதற்கும் ஒரு கதை வைத்திருக்கிற சின்னப்பையனிடம் அன்று ஒரு கதையும் இல்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து மதகருகில் நிறுத்தினாள். தலையில் தொப்பி, தோளில் பை. ஸ்கூட்டிக்கு அரோகரா கிடையாது என்பதால் சின்னப்பையன் சும்மா இருந்தான்.

"அண்ணாச்சி, இங்க எத்தன குடும்பம் இருக்கிய?"

"குடும்பமா? இன்னாமா நீ. நான் மட்டும் குந்திக்கினு காத்து வாங்கறேன்."

"பின்னால பதினாலு அடுப்பு பொகையுதே."

"அது ஏரி பொகையுதுமா. பனி."

"சித்திரையிலயா?"

"இந்த ஏரிக்கு மாசம் தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். சுகப்பிரியா என்று பெயர். தென்காசிப் பக்கத்துப் பெண். கம்பெனி வேலைக்கென்று வந்து, அங்கே உற்பத்தி லைன் நிறுத்தப்பட்டதும், வீடில்லாதவர் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தவள். மதகிலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"வீடு இல்லாம ரோட்டோரம் கெடக்கவங்களுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கு அண்ணாச்சி. படப்பைப் பக்கம் அடுக்கு வீடு கட்டி முடிச்சாச்சு. அதுல உங்களுக்கு எடம். ஆனா ஆபீசர் நேர்ல வந்து பாக்கணும். குடிசை நிக்கணும். குடிசைக்கு முன்னால நீங்க நிக்கணும். போட்டோ எடுக்கணும். வேற ஒண்ணும் கேக்க மாட்டாவ."

"கதவு இருக்குமா?"

"கதவு இல்லாம வீடா?"

"பூட்டற கதவா?"

"பூட்டுத கதவுதான். கக்கூஸ்கூட உள்ளயே இருக்கு. ஏன் அண்ணாச்சி, கதவ மட்டும் இப்படிக் கேக்கிய?"

அவன் பீடியை அணைத்துவிட்டுச் சசிரேகாவைப் பற்றிச் சொன்னான். அதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. சுகப்பிரியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். போகும்போது, "வாற அன்னைக்கு நான் முன்னால ஸ்கூட்டில வருவேன். பின்னால அவிய வருவாவ. என்னையப் பாத்தா ஓடிராதிய" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் சந்திரம்மாளும் ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் போய் அந்த வீடுகளைப் பார்த்தார்கள். காவல்காரர் நல்லவர், ஒரு வீட்டைத் திறந்து காட்டினார். சந்திரம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். கொஞ்ச நேரம் திறக்கவேயில்லை. சின்னப்பையன் வெளியே நின்று, "இன்னாடி, உள்ள ஆண்டவன் வரம் குடுக்கிறானா?" என்று தட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "கொழாயில தண்ணி வரல" என்றாள், அதற்காகத்தான் அழுததுபோல.

காப்பகத்தில் பிள்ளையைப் பார்க்கிற நாளில் சின்னப்பையனுக்குப் பழைய வாய் திரும்பி வந்தது.

"மூணாவது மாடிடி. ஜன்னலாண்ட நின்னா கடல் தெரியும்."

"படப்பைலேர்ந்தா? பொய்யி."

"கொஞ்சம் எட்டிப் பாக்கணும். கப்பல்காரன் கைய ஆட்னா நீயும் ஆட்டு. மரியாத."

"எப்பப்பா கூட்டிக்கினு போவ?"

"அடுத்த வாட்டி நாங்க வர்றப்போ பையக் கட்டிக்கினு ரெடியா நில்லு. அப்பா வந்தவொடனே கெளம்பறோம்."

சந்திரம்மாள் அவன் காலை மிதித்தாள். அவன் கண்டுகொள்ளவில்லை.

அதிகாரி வருகிற நாள் ஆனியில் வந்தது. பதினான்கு குடிசைக்காரர்களும் யாரும் வேலைக்குப் போகவில்லை. தார்ப்பாய்களைத் துடைத்தார்கள். நயினார் என்கிற கிழவர், போட்டோவுக்கென்று இரவல் சட்டை போட்டுக்கொண்டு, அது கசங்கக் கூடாதென்று காலையிலிருந்து உட்காராமலே நின்றார். சந்திரம்மாள் அடுப்பில் சோறு வைத்திருந்தாள். சின்னப்பையன் மதகில், ஸ்கூட்டி வருகிறதா என்று பார்த்தபடி.

ஸ்கூட்டி அன்று காலை படப்பையில் பஞ்சராகி நின்றுவிட்டது. இது யாருடைய குற்றமும் இல்லை. கணக்கெடுப்புக்கென்று தனி வண்டி இல்லாததால், அன்றைக்கு மட்டும் இன்னொரு ஆபீசிலிருந்து ஒரு ஜீப்பை இரவல் வாங்கியிருந்தார்கள். அதுவும் யாருடைய குற்றமும் இல்லை. சுகப்பிரியா ஜீப்பில் ஏறிக்கொண்டு சின்னப்பையனுக்கு விடாமல் போன் அடித்தாள். ஏரிக்கரைக்காரர்களின் போன்கள் எல்லாம் எப்போதும்போல டீக்கடையில் சார்ஜுக்குக் கிடந்தன. டீக்கடையில் அது ஷிப்ட் விடுகிற கூட்டம். போன் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் அடித்து அடித்து ஓய்ந்தது.

வளைவில் ஜீப்பின் மூக்கு தெரிந்தது. அதே நிறம். முன்கண்ணாடியில் அதே விரிசல். வருஷக்கணக்காகத் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு போன அதே ஜீப்.

சின்னப்பையன் யோசிக்கவில்லை. யோசித்துக் கத்துகிற வேலை இல்லை அது. "வல்லக்கோட்டை முருகனுக்கு அரோகரா" என்ற குரல் அவன் கேட்பதற்குமுன் அவன் வாயிலிருந்து போய்விட்டது.

அன்று மடித்ததுபோல அவர்கள் என்றுமே மடித்ததில்லை. காலையிலிருந்து எல்லாரும் தயாராக நின்றிருந்தார்கள் அல்லவா. சூட்டில் தொட முடியாமல் விட்ட ஒரு அடுப்புக் கல்லைத் தவிரக் கரையில் ஒரு சுவடும் மிஞ்சவில்லை. சந்திரம்மாள் கொதிக்கிற பானையை முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். புதருக்குள் போய் வைத்தபோதும் சோறு கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஜீப் நின்றது. ஒரு அதிகாரி இறங்கினார். போட்டோ எடுக்கிற பையன் இறங்கினான். பின்னாலிருந்து சுகப்பிரியா குதித்தாள். புதருக்குள்ளிருந்து சின்னப்பையன் அவளைப் பார்த்தான். தொப்பி இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"அண்ணாச்சி!" என்று அவள் புதரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சின்னப்பையன் அண்ணாச்சி, நான் சுகப்பிரியா. வண்டி பஞ்சர் அண்ணாச்சி. நல்லதுக்குத்தான் வந்திருக்கோம். வெளிய வாங்க."

அவன் எழுந்துவிட்டான். பாதி எழுந்துவிட்டான். சந்திரம்மாள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"அன்னிக்கும் பேர் சொல்லித்தான் கூப்ட்டாங்கோ" என்றாள். "நல்லதுக்குத்தான்னு சொன்னாங்கோ."

"அந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்லடி."

"அவளும் அப்படிப்பட்டவ இல்ல. என் புள்ளைய எட்த்துக்கினு போனவ. நல்லவதான்." சட்டையை விடவில்லை. "போலீஸ்காரன் ஜீப்புக்குள்ள கீறானா வெளிய கீறானான்னு உனக்குத் தெரியுமா? இன்னும் எங்கிட்ட இன்னா கீது எட்த்துக்கினு போறதுக்கு, சொல்லு."

வெயிலில் ஜீப்பின் உள்ளே இருட்டாக இருந்தது. சின்னப்பையன் பார்த்தான். ஆள் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அவன் உட்கார்ந்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உட்கார்ந்ததும் அவர்களும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"இடம் காலியாத்தானம்மா இருக்கு" என்றார் அதிகாரி.

"சார், அடுப்புக் கல்லத் தொட்டுப் பாருங்க சார். சுடுது."

"கல்லுக்கு வீடு குடுக்க முடியாதும்மா."

அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். வெறும் கரை, பின்னால் ஏரி, அதற்கும் பின்னால் கம்பெனிக் கூரைகள். ஜீப் போய்விட்டது.

மறுநாள் சுகப்பிரியா ஸ்கூட்டியில் வந்தாள். மதகருகில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அண்ணாச்சி வரல? தொண்ட கிழியக் கத்துனேம்லா."

"கேட்டுச்சும்மா."

"கேட்டுச்சா? கேட்டும் இருந்தியளா?"

சந்திரம்மாள் பெயரை அந்த இடத்தில் இழுக்க அவனுக்கு மனமில்லை.

"ஆளில்லாத எடம்னு கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. நான் கெஞ்சிப் பாத்தேன். போட்டோ இருக்குல்லா, அத மாத்த முடியாதாம். வீடு எல்லாத்தையும் வேற எடத்துக்காரவியளுக்குக் குடுத்திருதாவ. அடுத்த கணக்கு எப்பன்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் நான் இந்த வேலையில இருப்பனான்னும் தெரியாது." அழுகையை அடக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். ஸ்டார்ட் ஆகவில்லை. சின்னப்பையன்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி உதைத்துக் கொடுத்தான்.

அந்த மாதம் பேப்பரில் வந்தது, இந்த வட்டாரத்தில் சாலையோரக் குடிசைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று. அது பொய்யில்லை. போட்டோ எடுத்த அரைமணி நேரம் உண்மைதான்.

பிள்ளையைப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்திரம்மாள் வரமாட்டேன் என்றாள். பிறகு அவனுக்கு முன்னால் போய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

சசிரேகா காப்பகத்து வாசலில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். சிநேகிதிகளிடம் ஏற்கெனவே விடைபெற்றுவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு அவள் தன் ரிப்பனைக் கொடுத்திருந்தாள்.

சின்னப்பையன் பஸ்ஸில் வரும்போது ஒரு கதை தயார் செய்திருந்தான். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அந்தச் சுண்ணாம்பு சந்திர மண்டலத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது, லாரி பஞ்சர், இப்படி. பையைப் பார்த்ததும் அது மறந்துவிட்டது.

"வூடு இல்லடி" என்றான். "ஜீப் வந்துச்சு. அப்பா அரோகரா போட்டுட்டேன்."

அவள் அப்பாவையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏரிக்கரையில் பிறந்த பிள்ளை. அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சிக்கினீங்களா?"

"ஆமா."

"கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்கோ" என்றாள் சந்திரம்மாள். "நான்தான் போவ வுடல."

சசிரேகா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கையில் பை இல்லை. அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி அம்மாவின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். மணி அடித்து உள்ளே போகும்போதுதான் சொன்னாள்.

"ப்பா. இனிமே ஜீப் வந்தா ஓடாதீங்க. எந்த ஜீப்பா இருந்தாலும் ஓடாதீங்க. வாசல்லயே குந்திக்கினு இருங்க."

"சரிடி."

"பொய்யி சொல்லக் கூடாது."

"சொல்லல."

சின்னப்பையன் அன்று சாயங்காலமே மதகு வேலையை விட்டுவிட்டான். அன்பு என்கிற வாலிபன் அந்த இடத்தில் உட்கார்ந்தான். குரல் நல்ல குரல், ஆனால் பக்தி போதாது என்று எல்லாரும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஆவணியில் ஒருநாள் அன்பு அரோகரா போட்டான். பதின்மூன்று குடிசைகள் மடிந்தன. ஒன்று மடியவில்லை. அதன் வாசலில் சின்னப்பையனும் சந்திரம்மாளும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். அவள் கை அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

"மாமா, ஜேசிபியும் வருது" என்று அன்பு ஓடிவந்து மூங்கிலை உருவப் பார்த்தான். "பைத்தியம் கீது புட்ச்சிக்கிச்சா? எழுந்திரு மாமா. யக்கா, நீயாச்சும் சொல்லு."

"நீ போப்பா" என்றாள் சந்திரம்மாள். "நாங்க சொல்லிக்கிறோம்."

அன்பு போய்ப் புதருக்குள் நுழைந்துகொண்டான். நீளமான கரையில், ஒற்றைப் பல் மாதிரி அந்தக் குடிசை மட்டும் நின்றது. ஜீப் வந்து நின்றது. முன்கண்ணாடியில் அதே விரிசல். சுகப்பிரியா இருக்கிறாளா என்று சின்னப்பையன் பார்த்தான். இரண்டு போலீஸ்காரர்களும், வேறொரு அதிகாரியும் இறங்கினார்கள். பின்னால் ஜேசிபி கையை மடக்கிக்கொண்டு நின்றது.

அந்த அதிகாரிக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். அவர் போகிற இடத்தில் இதுவரை யாரும் உட்கார்ந்திருந்ததில்லை.

"எழுந்திருங்கய்யா. சாமானை எடுத்துக்கங்க. இது அரசாங்க எடம்."

"தெரியும் சார்" என்றான் சின்னப்பையன். எழவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான். "எழுதிக்கங்க சார். சின்னப்பையன், சந்திரம்மாள், சசிரேகா. மூணு பேரு."

அதிகாரி குனிந்து குடிசைக்குள் பார்த்தார்.

"ரெண்டு பேர்தானே இருக்கீங்க" என்றார்.